கிளுவை வேலிக்குள் வளர்ந்த பெண்

காங்கேயத்தில் பேருந்து ஏறித் தாராபுரம் சாலையில் தெற்கே போனால், ஊர் முடிகிற வரைக்கும் அரிசி ஆலைகளும் தேங்காய்ப் பருப்பு காயும் களங்களும்தான். பருப்பு காயும் வாசனை பேருந்துக்குள்ளும் வரும். அதைத் தாண்டியதும் நிலம் மாறிவிடுகிறது. சாலையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு முள்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் நெல்லும் இல்லை, கரும்பும் இல்லை. வெறும் புல். அங்கங்கே குடை விரித்த மாதிரி ஒரு வெள்வேல மரம், அதன் நிழலில் நாலைந்து செம்மறி, ஒரு மயிலைப் பசு. மேய்க்கிற ஆள் யாரையும் காணோம். டெல்டா பக்கத்திலிருந்து முதல் தடவையாக வருகிற விவசாயிகள், “இத்தனை நிலத்தையும் ஏங்க தரிசா போட்டு வச்சிருக்காங்க?” என்றுதான் கேட்பார்கள்.

இது தரிசு அல்ல, கொறங்காடு. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கமெல்லாம் தலைமுறை தலைமுறையாக இருந்து வரும் மேய்ச்சல் நிலம். தனிப்பட்டாவில், வேலி கட்டி, பயிரைப் போலவே பராமரிக்கிற நிலம்.

இந்த மண்ணைப் பார்த்தால் காரணம் புரியும். சரளை கலந்த செம்மண். பல இடங்களில் ஒரு முழம் தோண்டினாலே சுக்கான் கல் வந்துவிடும். மழை ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் அளவில். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இந்த மண்ணில், இந்த மழையில், கிணற்றை நம்பாமல் செய்யக்கூடிய விவசாயம் எது என்று யோசித்தவர்கள் புல்லை விளைவித்தார்கள். உள்ளே கொழுக்கட்டைப்புல். மேய மேயத் தூர் கட்டும். கோடையில் செத்ததுபோல வெளுத்துக் கிடந்தாலும் வேர் சாகாது. மேலே வெள்வேல மரம். கோடையில் புல் காய்ந்து கிடக்கும் நேரத்தில் அதன் காய் பழுத்து உதிரும்; ஆடுகள் பொறுக்கித் தின்னும். விதை ஆட்டின் வயிற்றுக்குள் போய்ப் புழுக்கையோடு வெளியே வந்தால் நன்றாக முளைக்கும், யாரும் மரம் நடத் தேவையில்லை. (பட்டைச் சாராயம் என்கிற பெயர் இந்த மரத்தின் பட்டையிலிருந்து வந்ததுதான்.) சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி. குச்சியை வெட்டி ஊன்றினால் வேர் பிடிக்கும், வருடா வருடம் கவாத்து செய்து பின்னிவிட்டால் ஆடும் நுழையாத அடைப்பாகிவிடும். இந்த வேலிதான் கொறங்காட்டின் மேய்ப்பன். காலையில் படலைத் திறந்து மாட்டை உள்ளே விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடலாம், சாயங்காலம் வந்து ஓட்டிக்கொள்ளலாம். வீட்டில் வயதானவர் இரண்டு பேர் மட்டும் இருந்தாலும் கால்நடை வைத்துப் பிழைக்க முடிகிறது என்றால் அது இந்த வேலியால்தான்.

தாராபுரம் போகிற வழியில், ஏறக்குறைய நடுவில், ஊதியூர் மலை வரும். கொங்கணச் சித்தர் இருந்த மலை என்று சொல்வார்கள். அந்த மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், தார்ச்சாலையை விட்டு உள்ளே தள்ளி, ஒரு தோட்டத்து வீட்டில் இருக்கிறாள் இந்தப் பெண். வயது பதினாறு. அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பு, வணிகவியல் பிரிவு. வீட்டில் அப்பாரு, ஆத்தா, அப்பா, அம்மா, எட்டாவது படிக்கும் தம்பி. வீட்டுக்கு முன்னால் தொண்டுப்பட்டி. அதில் ஒரு கலப்பினப் பசு, இரண்டு காங்கேயம் பசு, ஒரு கிடாரி. பக்கத்துப் பட்டியில் இருபது செம்மறி. முந்நூறு அடி தள்ளி எட்டு ஏக்கர் கொறங்காடு, மூன்று அடைப்பாகப் பிரித்தது. எட்டு ஏக்கரும் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சேர்ந்த கூட்டுப்பட்டா. பெரியப்பா திருப்பூரில் சின்னதாக பனியன் தொழில் வைத்திருக்கிறார்.

அவளுடைய நாள் வெடியால ஐந்தரை மணிக்குத் தொடங்குகிறது. கலப்பினப் பசுவை அம்மா கறப்பார். அந்தப் பால் சொசைட்டிக்குப் போகும். காங்கேயம் பசுக்களை ஆத்தாதான் கறக்க வேண்டும், வேறு யார் உட்கார்ந்தாலும் பாலை இறக்காது. நேரத்துக்கு ஒரு லிட்டர் கறந்தால் பெரிது, அது வீட்டுக்கு. அந்நேரத்தில் இவள் சாணியை வழித்துப் போட்டுவிட்டு, மாடுகளைக் கொறங்காட்டுக்கு ஓட்டிப்போய், படலைச் சாத்திக் கயிறு போட்டுவிட்டு வருவாள். ஏழேகாலுக்கு பனியன் கம்பெனி வேன் வந்து அம்மாவைத் திருப்பூருக்கு ஏற்றிக்கொண்டு போகும். அப்பா காங்கேயத்தில் அரிசி ஆலையில் வேலை. இவளும் தம்பியும் சோத்துப் போசியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு. இந்த வருடம் அரசு கொடுத்த சைக்கிள் வந்திருக்கிறது, அதுவரை நடையும் பேருந்தும்தான்.

“எல்லாரும் நெனைக்கிற மாதிரி எனக்கு மாடுன்னா உசுரெல்லாம் இல்லீங்க,” என்கிறாள். “சாணி எடுக்கறது புடிக்காது. ஏழாவது படிக்கறப்ப ஒருத்தி பஸ்ஸுல எம்பக்கத்துல உக்காந்துட்டு மூக்கப் பொத்துனா. அன்னையிலிருந்து பள்ளிக்கூடத்துத் துணிய மாட்டுப் பக்கம் கொண்டு போறதே இல்ல. ஆசாரத்துல தனியா ஒரு கம்பி கட்டி அதுலதான் போட்டிருப்பேன்.”

இதைச் சொல்ல அவள் தயங்குவதில்லை. கிராமத்துப் பிள்ளை என்றால் மாட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று பட்டணத்தில் இருப்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள். மாட்டோடு வாழ்கிற பிள்ளைகளுக்கு அது வேலை. வேலையில் சலிப்பு வரும், வெட்கமும் வரும். அவளுக்கு ஆடிட்டர் படிப்பு படிக்க ஆசை, திருப்பூரில் வேலை பார்க்க ஆசை. கொறங்காட்டில் தனக்கு எதிர்காலம் இருப்பதாக அவள் ஒருநாளும் சொல்லவில்லை.

ஆனால் நினைவு என்று பேச ஆரம்பித்தால், அவள் சொல்வதில் பாதி அந்த எட்டு ஏக்கருக்குள் நடந்ததாகவே இருக்கிறது.

முதல் நினைவு ஒரு கன்றுக்குட்டி. அப்போது அவளுக்கு ஐந்து வயது. மார்கழியில் ஒரு செவலைக் கன்று பிறந்தது. குங்குமத்தைக் கரைத்து ஊற்றிய மாதிரி நிறம். அவளேதான் அதற்குச் செவலி என்று பேர் வைத்தாள். கோடை விடுமுறைக்கு அம்மிச்சி ஊரான மூலனூருக்குப் போய்விட்டு, வைகாசி முடிகிற நேரத்தில் திரும்பி வந்து பார்த்தால் செவலியைக் காணோம். அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் வேறொரு கன்று நிற்கிறது. அப்பாரு கன்றை விற்றுவிட்டு வேறு கன்று வாங்கிக் கட்டிவிட்டார் என்று மூன்று நாள் அவரோடு பேசவில்லை. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் இருக்கும், ஆறு மாதம் போனால் மயிலைக்கு மாறிவிடும். இதை எத்தனை சொல்லியும் அவள் நம்பவில்லை. கடைசியில் அப்பாரு கன்றின் காதோரத்தில் இருந்த பழைய முள் கீறலைக் காட்டினார். அதே கன்றுதான். “செவலின்னு பேரு வச்சுட்டு மயிலையா நிக்குது. இப்பவும் எங்கூட்டுல அதுக்குப் பேரு செவலிதானுங்க. ஒறம்பரை வந்தா ஒவ்வொருத்தருக்கும் இந்தக் கதையச் சொல்லோணும்.”

அடுத்தது வறட்சி. 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. அடுத்த கோடைக்கு அவளுக்கு எட்டு வயது. மூன்று அடைப்பிலும் புல் தரையோடு தரையாக வெளுத்துப் போனது. டிராக்டரில் தண்ணீர் வாங்கித் தொட்டியில் ஊற்றினார்கள். அப்பாரு வெள்வேல மரத்தில் ஏறித் தழை ஒடித்துப் போட்டார். கடைசியில் செவலியின் தாயை ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு வந்தார். அன்றைக்கு ராத்திரி ஆத்தா சாப்பிடவில்லை. சிவன்மலைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே கோயிலில் ஆண்டவர் உத்தரவுப் பெட்டி உண்டு. பக்தர் ஒருவருடைய கனவில் வந்த பொருளைப் பூப்போட்டுக் கேட்டுவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். அந்தப் பொருளை ஒட்டி நாட்டில் ஏதோ நடக்கும் என்று இந்தப் பக்கத்தில் நம்பிக்கை. பெட்டியில் தண்ணீர் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே படியேறினாளாம். அன்றைக்கு உள்ளே என்ன இருந்தது என்பது அவளுக்கு இப்போது ஞாபகம் இல்லை.

மழை பெய்த பிறகு நடந்தது ஞாபகம் இருக்கிறது. செத்துப்போனதாக அவள் நினைத்த புல், பத்து நாளில் தூரிலிருந்து குத்துக் குத்தாகக் கிளம்பியது. அப்பாரு உடனே ஆடுகளை உள்ளே விடவில்லை. புல் பூத்து விதை உதிர்கிற வரை ஒரு அடைப்பை மூடியே வைத்தார். பசியோடு ஆடு கத்தும்போது கண்ணெதிரில் பச்சையாக நிற்கிற புல்லை ஏன் மூடி வைக்கிறார் என்று அவளுக்குக் கோபம். இதில் அப்பாருவின் கணக்கு சரி. கொழுக்கட்டைப்புல்லின் விதை உதிர்ந்தவுடன் முளைக்காது, சில மாதம் உறங்கித்தான் எழும்பும். வறட்சிக்கு அடுத்த முதல் விதையை மேய விட்டுவிட்டால் அதற்கடுத்த வருடம் தரை திட்டுத் திட்டாக வெறுமையாகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. காய்ந்த வயிற்றோடு இருக்கும் ஆடுகளை இளம்புல்லில் திடீரென்று விட்டால் துள்ளுமாரி வந்து ஒரே ராத்திரியில் நாலைந்து சாய்ந்துவிடும். மழைக்கு முன்னாலேயே துள்ளுமாரித் தடுப்பூசி போட்டுவிட வேண்டும். கொறங்காடு வைத்திருக்கும் பலர் இதை இன்னும் மறந்துவிடுகிறார்கள்.

அவளுக்கு எல்லாவற்றிலும் பிடித்த நினைவு எது என்று கேட்டால், சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்கிறாள். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் மூடியது. திருப்பூரில் கம்பெனிகள் மூடின. அம்மா வீட்டில், அப்பா வீட்டில், பெரியப்பா குடும்பமும் திருப்பூரை விட்டு இங்கே வந்துவிட்டது. கையில் பணம் இல்லை. பெரியவர்கள் ராத்திரியில் ஆசாரத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுவார்கள், இவர்கள் போனால் பேச்சை நிறுத்துவார்கள். ஆனால் பகல் முழுக்கக் கொறங்காட்டில் எல்லோரும் இருந்தார்கள். அம்மா பகல் வெளிச்சத்தில் வீட்டில் இருப்பதையே அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை தவிர அவள் பார்த்ததில்லை. பெரியப்பா மகளும் இவளும் ஒவ்வோர் ஆட்டுக்கும் பேர் வைத்தார்கள். பெரியப்பா சின்ன வயதில் கற்ற வேலையை மறக்காமல், வேலியில் விழுந்திருந்த இடைவெளிகளை முள்ளை வளைத்துப் பின்னி அடைத்தார். கையெல்லாம் கீறல். ஆத்தா பக்கத்தில் நின்று அதட்ட, காங்கேயம் பசுவில் இவள் முதன்முதலாகக் கால் லிட்டர் பால் கறந்தாள்.

“ஊரெல்லாம் சீக்குல கெடந்த நேரம் அது. அம்மா வெசனப்பட்டுட்டே இருந்தாங்க. அதப் போயி நல்ல நாளுன்னு சொல்லக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா எனக்கு அதான் நல்ல நாளு,” என்கிறாள்.

பொங்கலைப் பற்றி அவள் பேசும்போது கொஞ்சம் குறையோடுதான் பேசுகிறாள். பொங்கலுக்கு முந்தின நாள் பொழுதோட காப்புக் கட்டு. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு இறவாணத்தில், பட்டியில், கொறங்காட்டுக் கடவில் செருகுவார்கள். மாட்டுப் பொங்கல் இங்கே பட்டிப் பொங்கல். தரையில் சாணியால் சின்னத் தெப்பக்குளம் கட்டி, நீர் விட்டு, மாட்டை அதன்மேல் தாண்டவிடுவார்கள். அதற்கு அப்புறம் பூப்பறிக்கிற நோம்பி. ஊர்ப் பெண் பிள்ளைகள் எல்லாம் கூட்டமாகக் காட்டுக்குப் போய் ஆவாரம்பூப் பறித்து, பாட்டுப் பாடி, கட்டுச்சோறு தின்று திரும்ப வேண்டும். ஆத்தா காலத்தில் நாற்பது ஐம்பது பேர் போவார்களாம். போன தை மாதம் இவர்கள் ஆறு பேர் போனார்கள். அதில் மூன்று பேர் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

2024 கார்த்திகையில் ஒரு ராத்திரி பட்டிக்குள் நாய்கள் புகுந்தன. காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்தில் கொஞ்ச வருடமாகத் தெருநாய்க் கூட்டம் ஆட்டுப் பட்டிகளை அடிப்பது பெரிய தொல்லையாகிவிட்டது. விவசாயிகள் செத்த ஆடுகளைச் சாலையில் போட்டுப் போராடியதெல்லாம் நடந்திருக்கிறது. காலையில் எழுந்து பார்த்தபோது ஏழு ஆடு செத்துக் கிடந்தது, மூன்றுக்குத் தொடை கிழிந்திருந்தது. ஊரடங்கில் பேர் வைத்த ஆடுகளில் மிச்சமிருந்த ஒன்றும் அதில் போய்விட்டது. அன்றைக்கு அவளுக்குப் பரீட்சை. எழுதிவிட்டு வந்தாள். என்ன எழுதினாள் என்று தெரியாது, மார்க் மட்டும் வந்தது. அப்பாரு அவசரப்பட்டு மத்தியானத்துக்குள் குழி தோண்டிப் புதைத்துவிட்டார். இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். நாய் கடித்து ஆடு செத்தால், புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரை வரவழைத்துச் சான்று வாங்கிக்கொள்ள வேண்டும், கிராம நிர்வாக அலுவலரிடமும் தகவல் சொல்லிவிட வேண்டும், போட்டோவும் எடுத்து வைக்க வேண்டும். குழியை மூடிய பிறகு நிவாரணம் கேட்டால் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது.

அந்த நாய்ச் சம்பவத்துக்குப் பிறகுதான் பெரியப்பா பேச்சை எடுத்தார்.

சூரிய மின்சாரத்துக்குத் தகடு பதிக்க நிலம் தேடி இந்தப் பகுதியில் ஆட்கள் வந்து போகிறார்கள். கொறங்காடு அவர்களுக்கு வசதி. மேடு பள்ளம் குறைவு, வெயிலுக்குக் குறைவில்லை, விலை நஞ்சையைவிட மலிவு. குத்தகை என்றால் பெரும்பாலும் 25 வருடத்துக்கு மேல்தான் எழுதுவார்கள். பெரியப்பாவுக்குத் தொழிலில் கடன். எட்டு ஏக்கரையும் கொடுத்துவிடலாம், இரண்டு குடும்பத்துக்கும் வருடா வருடம் பணம் வரும் என்பது அவர் பக்கம். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ராத்திரிக் காவலுக்கு ஆள் யார்? அப்பாருக்கு எழுபத்து நாலு வயது. அப்பாவும் அம்மாவும் சம்பளத்துக்குப் போகிறார்கள். பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள். “ஆடு மேய்க்க உம்பட ஊட்டுல ஆளு ஆரு? நீ போவியா அம்மிணி?” என்று அவளிடமே கேட்டார். அவளால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

அப்பாரு பால் கணக்கு, ஆடு விற்ற கணக்கு எல்லாவற்றையும் எழுதி வைக்கிற மனிதர். கோடு போட்ட நோட்டு, பழைய காலண்டரின் பின்பக்கம் என்று கட்டாகக் கிடந்தது. வணிகவியல் படிக்கிற பெண் அல்லவா, அதையெல்லாம் எடுத்து உட்கார்ந்து ஐந்து வருடத்து வரவு செலவைப் புது நோட்டில் எழுதினாள். இடது பக்கம் செலவு: தீவனம், தடுப்பூசி, வேலி கவாத்துக்குக் கூலி, வறட்சியில் தண்ணீர். வலது பக்கம் வரவு: குட்டி விற்றது, கன்று விற்றது, ஒரு வருடம் ஒரு அடைப்பை மட்டும் மேய்ச்சலுக்குக் குத்தகை விட்டது. கூட்டிக் கழித்துப் பார்த்தபோது, தகடு போடுகிறவர்கள் தருவதாகச் சொன்ன குத்தகைப் பணம் கொறங்காட்டு வருமானத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வந்தது.

“ரெண்டு தடவ கூட்டிப் பாத்தேனுங்க. மாறல.”

அந்த நோட்டை யாரிடமும் காட்டாமல் ஒரு வாரம் வைத்திருந்தாள். பிறகு அதில் ஒரு மூன்றாவது பத்தி போட்டாள். அப்பாருவின் கணக்கில் ரூபாயாக ஏறாதவை அதில் வந்தன. வீட்டுக்குக் கறந்த காங்கேயம் பால், தினம் இரண்டு லிட்டர் வீதம். முருங்கைத் தோட்டத்துக்குப் போன எரு, வருடத்துக்கு ஆறு வண்டி. அம்மாவுக்கு ஆபரேஷன் செய்தபோது ஒரே நாளில் எட்டு ஆட்டை விற்றுக் கட்டின ஆஸ்பத்திரிப் பணம். வட்டிக்கு வாங்கியிருந்தால் எவ்வளவு வட்டி. ஊரடங்கின்போது சம்பளம் இல்லாத மாதங்களில் வீட்டுச் செலவுக்கு விற்ற குட்டிகள். இதையெல்லாம் சேர்த்தால் வித்தியாசம் குறைந்தது. முழுதாக மறையவில்லை. அதையும் அப்படியே எழுதினாள்.

இந்தக் கணக்கை நிறைய குடும்பங்கள் போடுவதே இல்லை. கொறங்காட்டில் வருமானம் இல்லை என்று சொல்கிறவர்கள் மூன்றாவது பத்தியை விட்டுவிடுகிறார்கள். கொடுக்கவே கூடாது என்று சொல்கிறவர்கள் முதல் இரண்டு பத்தியைப் பார்ப்பதில்லை. குத்தகைக்கு விடுவது என்று முடிவு செய்தாலும் பத்திரத்தில் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. கூட்டுப்பட்டா என்றால் பங்குதாரர் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பெண் வாரிசுகளும் அதில் உண்டு. மரங்களை யார் வெட்டுவது, அந்தப் பணம் யாருக்கு, காலம் முடிந்ததும் கான்கிரீட் தூண்களை யார் பிடுங்குவது, வருடா வருடம் குத்தகை எத்தனை சதவீதம் கூடும், நடுவில் கம்பெனி கைமாறினால் யார் பொறுப்பு, பக்கத்து நிலத்துக்குப் போகிற வண்டித்தடம் அப்படியே இருக்குமா — எல்லாம் எழுத்தில் வர வேண்டும். வாய்ப்பேச்சு 25 வருடம் நிற்காது. வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடவே கூடாது.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஆசாரத்தில் உட்கார்ந்தார்கள். அவள் நோட்டைப் பெரியப்பாவிடம் கொடுத்தாள். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஆபரேஷன் செலவு எழுதிய இடத்தில் நின்றார். அந்த எட்டு ஆட்டில் இரண்டு அவர் பங்கு, அன்றைக்கு அவர் பணம் கேட்கவில்லை. அதையும் எழுதியிருந்தாள். “கணக்கு நல்லாத்தான் போட்டிருக்க கண்ணு. ஆனா எனக்குக் கடன் இருக்குதே,” என்றார். யாரும் பதில் பேசவில்லை. அப்பாரு வெற்றிலை போட்டு முடிக்கும் வரை பேச்சே இல்லை. பிறகு, “ஆளுக்கு நாலு ஏக்கரா அளந்து பிரிச்சுக்குங்க. அவன் பங்க அவன் என்ன பண்ணோணுமோ பண்ணிக்கட்டும். எம்பட காலத்துக்கப்புறம் சண்ட வேண்டாம்,” என்று மட்டும் சொன்னார்.

அப்படியே நடந்தது. சர்வேயரை வைத்து அளந்தார்கள். மேற்கே நாலு ஏக்கர் பெரியப்பாவுக்கு, கிழக்கே நாலு ஏக்கர் இவர்களுக்கு. பெரியப்பா தன் பங்கைக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தார். மேற்குப் பக்கத்தில் பதினோரு வெள்வேல மரங்கள் போயின. மேற்கிலும் வடக்கிலும் பழைய கிளுவை வேலியை இயந்திரம் அரை நாளில் வாரிப் போட்டது. அந்த வேலியை யார் வைத்தார்கள் என்று அப்பாருக்கே தெரியாது. அவருக்கு விவரம் தெரிந்த நாளிலேயே அது இடுப்பளவு தடித்திருந்ததாம். நாலு ஏக்கருக்கு இருபது ஆடு தாங்காது என்பதால் எட்டை விற்றார்கள். செவலியை விற்கவில்லை, அது இப்போது சினை.

நடுவில் புது எல்லைக்கு வேலி வேண்டும். தகடு போட்டவர்கள் தங்கள் பக்கத்தில் கம்பிவலை அடித்திருக்கிறார்கள். ஆனால் கம்பிவலையில் ஆடு உரசிக்கொண்டே நின்றால் வருடத்துக்கொரு முறை ரிப்பேர் வரும். அப்பாரு ஆடியில் பழைய வேலியிலிருந்து நாலடி நீளக் கிளுவைக் குச்சியாகப் பார்த்துப் பார்த்து வெட்டினார். இலை இல்லாமல், பால் வற்றாமல், கட்டை விரல் தடிமனுக்கு இருக்க வேண்டும். வெட்டியதை நிழலில் நாலைந்து நாள் போட்டு, வெட்டு வாய் காய்ந்த பிறகு முக்கால் அடி ஆழத்துக்கு ஊன்றினார். அவள் கம்பியால் குழி போட்டாள், தம்பி குச்சி எடுத்துக் கொடுத்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவும் வந்தார். சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு, யாரும் கேட்காமலே, தன் பக்கமில்லாத அந்த வேலியில் நாற்பது குச்சி நட்டுவிட்டுப் போனார்.

மொத்தம் எத்தனை குச்சி என்று அவள் நோட்டில் இருக்கிறது: 412. ஐப்பசி மழைக்குப் பிறகு எண்ணியபோது 350-ல் தளிர் விட்டிருந்தது. மீதியை அடுத்த ஆடியில் மாற்ற வேண்டும். குச்சிகள் ஒன்றோடொன்று பின்னி ஆடு தாண்டாத அளவுக்கு வர மூன்று நாலு வருடம் ஆகும். அதற்குள் அவள் கல்லூரியில் இருப்பாள். அதுவரைக்கும் மாடுகளைப் புது எல்லைப் பக்கம் போகவிடாமல் பொழுதோட யாராவது நிற்க வேண்டியிருக்கிறது. இந்த அரையாண்டுப் பரீட்சைக்கு அவள் படித்தது பெரும்பாலும் அங்கே, வெள்வேல மரத்தடியில் பழைய சாக்கைப் போட்டு உட்கார்ந்துதான். பள்ளிக்கூடத் துணியை மாற்றிவிட்டுத்தான் போகிறாள்.